மலைமனையும் மழைநீரும்

சமவெளியில் வாழும் உழவர் மழைநீரை நிறுத்திவைப்பதற்கே வழி தேடுவர். அவர் தம் நீர்நிலைகளுக்கு இட்டு வழங்கும் பெயர்களைப் பார்த்தாலே இது விளங்கும். நீரை ஏந்தி நிற்பது ஏந்தல். தாங்கி நிற்பது தாங்கல். ஊரார் உண்ணும் நீரை உடையது ஊருணி. ஏரி, குளம், கண்மாய், குட்டை என இன்னும் பல உள. நிறுத்துவதற்கு இத்தனை சொல் கண்ட தமிழர் நீரைப் போக்குவதற்கும் சொற்பஞ்சம் உடையவராய் இருந்தாரல்லர். மிகுநீரை வழியவிடுவது கலிங்கு. வேண்டுமளவு திறந்துவிடுவது மதகு. மண்ணுக்குள் மறைந்து செல்வது சுருங்கை. குழல்போல் உள்துளை உடையது தூம்பு. தெருவோரத்தில் ஓடும் சிறு கால்வாயைத் தென்பாண்டி நாட்டார் இன்றும் வாறுகால் என்பர். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழர் கான் என்பர். இவ்விரு வகையுள் முன்னவை வயலுக்கு வாழ்வு தருவன. செங்குத்தான சரிவின் விளிம்பில் வீடு கட்டுவோர்க்கோ பின்னவையே உயிர் காப்பன.

வீட்டின்மேல் விழும் மழையை ஒழுங்காக இறக்குதல் நம்மவர்க்குப் புதியதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, அரண்மனையின் நிலாமுற்றத்தில் பெய்த மழை, மகர மீனின் பிளந்த வாய்போல் அமைந்த தூம்பின் வழியே அருவியென வீழ்வதைக் கூறுகிறது. வைகைக் கரையை அடுத்த கீழடியில் 2015-ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்வுகளில் சுடுமண் குழாய்களால் அமைந்த வடிகால் வெளிப்பட்டது. செட்டிநாட்டு வீடுகளில் நாற்புறக் கூரையும் உள்முற்றத்தை நோக்கிச் சாய்ந்து, பெய்யும் நீரையெல்லாம் அங்கே சேர்த்துத் தரும். இவை யாவும் சமநிலத்துக் கட்டடங்கள். அங்கே தூம்பிலிருந்து விழுந்த நீர் சிறிது தேங்கினால் முற்றம் சேறாகும்; அவ்வளவே. மலையின் விளிம்பில் அதே நீர் தவறான இடத்தில் விழுமாயின், முற்றமே இல்லாது போகக்கூடும்.

நீலகிரியில் கோத்தகிரியை அடுத்த ஓரிடத்தில் ஒருவர் வீட்டுமனை வாங்குகிறார் எனக் கொள்வோம். மனையின் முன்புறம் சாலை. பின்புறம் சற்று நடந்தால் நிலம் திடீரென்று கீழிறங்குகிறது. கீழே தேயிலைச் செடிகள் பசும்படிகளாய்த் தோன்றுகின்றன. அவற்றுக்கும் கீழே ஓர் ஓடை. ஓடையின் மேற்கரையில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு. பனிமூட்டம் விலகிய ஒரு காலைப்பொழுதில் அக்காட்சியைக் கண்டவர், பின்வாசலும் சாளரங்களும் அப்பக்கமே அமையவேண்டும் என்று உடனே முடிவு செய்துவிடுகிறார். விளிம்பை நெருங்கி வீடு கட்டுவோர் பெரும்பாலும் கண்ணின் சொல்லைக் கேட்டே கட்டுகின்றனர்.

மலைநாட்டில் பழகிய கொத்தனாரிடம் அம்மனையைக் காட்டினால், அவர் காட்சியைப் பற்றிப் பேசமாட்டார். “ஐயா, மழைக்காலத்தில் இங்கு வந்து பார்த்ததுண்டா?” என்றே கேட்பார். மனையை வெயிலில் பார்த்தவர் பாதியே பார்த்தவர் ஆவர். மழை கொட்டும்போது குடையுடன் போய் நின்றால், சாலையின் நீர் எப்பக்கமாகப் புகுகிறது, எவ்விடத்தில் தேங்குகிறது, எதன் வழியே விளிம்பை அடைகிறது என்பன தாமே புலப்படும். மழை ஓய்ந்து பல நாள் கழித்தும் ஓரிடத்தில் ஈரம் உலராதிருந்தால், மண்ணுக்குள் ஊற்று உண்டு என்று அறியலாம். நீர் விரும்பும் நாணலும் கோரையும் அங்கே செழித்திருக்கும். சரிவில் நிற்கும் மரங்களின் அடிப்பகுதி வில்போல் வளைந்து, மேற்பகுதி மட்டும் நிமிர்ந்திருப்பின், அந்நிலம் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கீழ்நோக்கி நகர்கிறது எனக் கொள்வதற்கு இடமுண்டு. மண் மரத்தைச் சாய்க்க, மரமோ ஒளியை நாடி மீண்டும் நிமிர முயல, அவ்வளைவு உண்டாகிறது.

நீரின் அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் அதன் ஆற்றல் விளங்கும். கூரையின் பரப்பு 100 சதுர மீட்டர் என வைத்துக்கொண்டால், அதன்மேல் 1 செ.மீ. மழை பெய்தவுடன் சேரும் நீர் 1,000 லிட்டர். அதன் எடை ஒரு டன். ஒரு மணி நேரத்தில் 6 செ.மீ. மழை கொட்டுமாயின், கூரையிலிருந்து நிமிடத்துக்கு 100 லிட்டர் இறங்கும். 15 லிட்டர் கொள்ளும் குடத்தால் நிமிடத்துக்கு ஏழு குடம் வீதம் ஒருவர் விளிம்பில் நின்று ஓயாது நீர் ஊற்றுவதற்கு இஃது ஒப்பாகும். வீடு எழுவதற்கு முன்னும் அதே மழை அதே இடத்தில்தான் பெய்தது. ஆயினும் அன்று அது புல்லின்மேலும் சருகின்மேலும் பரவி விழுந்தது. ஒரு பகுதி மண்ணில் ஊறியது. எஞ்சியது மெல்லப் பரந்து ஓடியது. இன்று கூரையும் சிமெண்டுத் தளமும் அந்நீரைத் திரட்டி ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்க்கின்றன. பரவிய நீர் மண்ணை நனைக்கும். திரண்ட நீர் மண்ணை அறுக்கும்.

அறுத்தல் கண்ணுக்குத் தெரியும் கேடு. கண்ணுக்குத் தெரியாத கேடு ஒன்று உண்டு. அஃது இதனினும் கொடியது.

நீலகிரி மலையின் பாறை பெரும்பாலும் சார்னோகைட்டு எனப்படும் கல்வகையைச் சார்ந்தது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கு என்னும் ஆங்கில வணிகரின் கல்லறையில் இவ்வகைக் கல் பதிக்கப்பட்டிருந்தமையால், நிலநூல் அறிஞர் ஹாலந்து அவர் பெயரையே கல்லுக்கு இட்டார். சென்னைக்கு அண்மையிலுள்ள பல்லாவரக் குன்றுகளும் இக்கல்லே. நம் ஊர்க் கல் வேற்றூர்க் கல்லறையால் பெயர் பெற்றது ஒரு வேடிக்கை. இப்பாறையின் மேற்பகுதி நெடுங்காலம் வெயிலிலும் மழையிலும் உளுத்துச் செம்மண்ணாகிப் பல இடங்களில் மிக்க ஆழத்துக்குப் படிந்துள்ளது. ஆகவே சரிவு என்பது உண்மையில் கடும்பாறையின்மேல் போர்த்திய மண்போர்வையாகும். அப்போர்வையைத் தாங்கி நிற்பது மண்துகள் ஒன்றோடொன்று அழுந்தி உராயும் பிடிப்பே.

கடற்கரையில் மணல்வீடு கட்டிய சிறுவர் யாவரும் இதனைக் கையால் அறிவர். உலர்ந்த மணல் நில்லாது உதிரும். சிறிது ஈரம் சேர்ந்தால் செங்குத்தாகவும் நிற்கும். நீர் மேலும் மேலும் சேர்ந்தால் கூழாகி வழிந்துவிடும். மலைச்சரிவிலும் இதுவே நிகழ்கிறது. மண்துகளிடையே உள்ள இடைவெளியெல்லாம் நீரால் நிரம்பும்போது, அந்நீர் துகளைச் சற்றே தூக்கி நிறுத்துகிறது, அழுத்தம் குறைகிறது, உராய்வும் குறைகிறது. அதே வேளையில் மண்ணின் எடை நீரால் கூடுகிறது. இறங்கிய நீர் கீழே பாறையைக் கண்டதும் மேலும் இறங்க வழியின்றி, மண்ணுக்கும் பாறைக்கும் இடையே வழுக்குப் படலம்போல் பரவுகிறது. பிடிப்பு தளர்ந்து, பாரம் மிகுந்து, அடி வழுக்கும் நிலையில் உள்ள மண்போர்வை ஒரு நொடியில் கழன்று சரிகிறது. மழை ஓய்ந்து வானம் வெளுத்த பின்னரும் சில சரிவுகள் விழுவது இதனாலேயே. மேலே மழை நின்றாலும் உள்ளே நீர் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்.

நீலகிரி இத்துன்பத்தைப் பலமுறை கண்டது. 1993-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 11-ஆம் நாள் குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடையே மரப்பாலம் என்னும் இடத்தில் மலை சரிந்து, சாலை அழிந்து, பலர் மாண்டனர். 2009-ஆம் ஆண்டு நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவாயிற்று. உதகையில் ஓராண்டு முழுதும் பெய்யும் மழையில் பாதிக்கு மேற்பட்ட அளவு இது. அம்மழையில் மாவட்டத்தின் பல இடங்களில் நிலம் சரிந்து 40-க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலைநாடு மட்டுமே இத்துன்பத்துக்கு உரியது என்று எண்ணுதற்கும் இல்லை. 2024-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், பெஞ்சல் புயலின் பெருமழையில் திருவண்ணாமலை மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் இறங்கி, அடிவாரத்தில் இருந்த ஒரு வீட்டை மூடின. அவ்வீட்டில் இருந்த 7 பேர் மாண்டனர். அவர்களுள் 5 பேர் சிறுவர்.

இத்தகைய பெருமழையின் முன் ஒரு வீட்டின் வடிகால் என் செய்யும் என்று கேட்கலாம். மலை முழுதும் பெய்யும் மழையை ஒருவராலும் தடுக்க இயலாது. ஆனால் பல சரிவுகள் நின்றுகொண்டும் இருக்கும். விழுந்தும் விடும் என்னும் எல்லைநிலையில் உள்ளன. அத்தகைய சரிவின் தலையில் நாள்தோறும் வீட்டுநீரையும் கூரைநீரையும் ஊற்றுதல், சாயும் மரத்தைத் தோளால் தள்ளுவதை ஒக்கும். அவ்வாறு தள்ளாதிருத்தல் வீட்டாரின் கையில் உள்ளது.

முதற்கண் வீட்டை விளிம்பிலிருந்து விலக்கி அமைத்தல் வேண்டும். எவ்வளவு விலக்குவது என்பதற்கு எல்லா மனைக்கும் பொருந்தும் ஓரளவு இல்லை. சரிவின் உயரம், அதன் சாய்வு, மண்ணின் ஆழம் ஆகியவற்றை அறிந்த பொறியாளரே அதனைச் சொல்லவேண்டும். மலைப்பகுதியில் அரசின் இசைவும் பெறவேண்டும். தோண்டிய மண்ணை விளிம்புக்கு அப்பால் கொட்டித் தோட்டத்தை அகலமாக்குவோர் சிலர் உளர். அம்மண் பழைய சரிவோடு ஒட்டுவதில்லை, முதற்பெருமழையிலேயே இறங்கிவிடும். இறங்கும்போது அடியில் உள்ள நல்ல மண்ணையும் இழுத்துச் செல்லும்.

அடுத்து, மேலிருந்து வரும் நீரை வீட்டை அண்டவிடாது வழிமறித்தல் வேண்டும். சாலைப்புறத்தில், வீட்டுக்கு மேற்பக்கத்தில், சரிவுக்குக் குறுக்காக ஒரு கால்வாய் வெட்டி, வரும் நீரை இருபக்கமும் திருப்பிச் சாலை வடிகாலில் சேர்க்கலாம். தேயிலைத் தோட்டங்களில் செடிவரிசைகளுக்கு இடையே குறுக்காக ஓடும் கால்வாய்களைக் கண்டவர்க்கு இம்முறை எளிதில் விளங்கும். இக்கால்வாய்க்குச் சிமெண்டுப் பூச்சு இன்றியமையாதது. பூசாத கால்வாய் நீரைக் கொண்டு செல்வதுபோல் தோன்றினும், வழிநெடுகிலும் மண்ணுக்கு நீர் ஊட்டிக்கொண்டே செல்லும். தோட்டத்தில் அது நன்மை. விளிம்பு மனையில் அது தீமை.

இனிக் கூரைநீர். இறவாரத்தின் கீழ் நெடுகத் தகரத்தாலோ பிளாஸ்டிக்காலோ தாரை அமைத்து, விழும் நீர் முழுவதையும் ஏந்தவேண்டும். தாரையிலிருந்து இறங்கும் குழாய்கள் யாவும் ஒரு வண்டல்தொட்டியில் வந்து சேரவேண்டும். தொட்டியின் வாயில் கம்பிவலை சருகைத் தடுக்கும்; அடியில் மண் தங்கும்; தெளிந்த நீர் மட்டும் மேற்பக்கத்துக் குழாயில் புகும். மலைநாட்டில் சில்வர் ஓக்கு மரத்தின் இலையும் பூவும் உதிரும் காலத்தில் இவ்வலையை வாரம் ஒருமுறையேனும் துடைக்காவிடில், மழைநாளில் தொட்டி நிரம்பி வழிந்து, இத்தனை ஏற்பாடும் வீணாகும்.

வீட்டின் கடைக்காலை ஒட்டி மண்ணுக்குள் ஊறும் நீருக்குத் தனிவழி வேண்டும். கடைக்காலின் அடிமட்டத்தில் துளையிட்ட குழாயைச் சரளைக்கல்லுக்கு நடுவே பதித்து, மண் புகாதபடி வடிதுணி சுற்றுவர். சுற்றிலும் உள்ள ஈரம் அத்துளைகளின் வழியே குழாய்க்குள் வடியும். இங்கே பலர் ஒரு பிழை செய்கின்றனர். குழாய்தான் ஒன்று இருக்கிறதே என்று கூரைநீரையும் அதனுள் விட்டுவிடுகின்றனர். துளைக்குழாய் இருபுறமும் திறந்த வாயில் போன்றது. வெளிநீர் உள்ளே புகும் துளை வழியே உள்நீர் வெளியேயும் போகும். நிமிடத்துக்கு நூறு லிட்டர் நீர் அதனுள் பாய்ந்தால், கடைக்காலை உலர்த்த வந்த குழாயே கடைக்காலை நனைக்கும். ஆகவே கூரைநீர்க்குழாய் வேறு, கசிவுநீர்க்குழாய் வேறு என இரண்டையும் பிரித்தே வைத்தல் வேண்டும்.

திரட்டிய நீரை எங்கே விடுவது? சாலை வடிகால் மனையைவிடத் தாழ்ந்திருந்தால், விளிம்புக்கு எதிர்ப்பக்கமாக நீரைத் திருப்பி அங்கே விடுவதே சிறந்தது. பெரும்பாலான மலைமனைகளில் சாலை மேலும் விளிம்பு கீழுமாக இருக்கும். நீர் பின்பக்கமே போகும். அந்நிலையில் பலரும் செய்வது எளிய செயல்: குழாயை விளிம்புவரை நீட்டி, அங்கே திறந்துவிடுகின்றனர். நீர் கண்ணைவிட்டு மறைகிறது, கவலையும் மறைகிறது. விழும் இடத்தில் முதலில் ஒரு குழி தோன்றும்; மறு ஆண்டு அது வாய்க்காலாகும்; வாய்க்காலின் இருகரையும் உள்வாங்கி இடியும்; சில ஆண்டுகளில் விளிம்பே வீட்டை நோக்கி நடந்துவரும்.

குழாயை விளிம்பில் நிறுத்தாமல் சரிவின் அடிவரை கொண்டுசெல்வதே முறை. இதற்குத் துளையோ இடைவெளியோ இல்லாத, வெப்பத்தால் உருக்கி இணைத்த பாலிஎதிலீன் குழாய் ஏற்றது. கடைக்காரர் இதனை எச்.டி.பி.இ. குழாய் என்பர். பசையால் ஒட்டிய மூட்டுகள் சரிவின் அசைவில் விலகிவிடும். உருக்கி இணைத்த குழாயோ ஒரே உடலாய் வளைந்து கொடுக்கும். முன்னே கணக்கிட்ட கூரைநீருக்கு 4 அங்குலக் குழாய் போதும். முற்றத்து நீரும் சேருமாயின் 6 அங்குலம் நன்று. இக்குழாயைச் சரிவில் புதைத்தல் ஆகாது. புதைப்பதற்குத் தோண்டும் பள்ளமே மண்ணைத் தளர்த்தி நீருக்கு வழி காட்டும். புதைந்த குழாயில் கசிவு ஏற்பட்டால் அதை அறிவதற்கும் வழியில்லை. தரையின்மேலேயே கிடத்தி, தலைப்பகுதியை விளிம்புக்கு உட்புறத்தில் உறுதியான முளைகளில் பிணைத்துவிடவேண்டும். பச்சைச் சரிவில் கருங்குழாய் ஒன்று பாம்புபோல் கிடப்பது அழகன்று என்று மனைக்குரியவர் முகம் சுளிப்பதுண்டு. இரண்டு பருவத்தில் புதரும் கொடியும் அதை மூடிவிடும்.

உயரத்திலிருந்து இறங்கும் நீர் கீழே வரும்போது பெருவிரைவுடன் வரும். அவ்விரைவோடு ஓடைக்கரையில் பாய்ந்தால் சரிவின் அடிமண்ணை அரிக்கும். அடி அரிந்தால் முடியும் விழும். ஆதலின் குழாயின் முடிவில் பெருங்கற்களை நெருக்கி அடுக்கிய தளமோ, நீர் மோதித் தணியும் சிமெண்டுத் தொட்டியோ அமைத்து, வேகம் அடங்கிய பின்னரே ஓடையில் விடவேண்டும்.

ஓடைக்கரையில் வாழும் தொழிலாளர் குடியிருப்பை இங்கே நினைவிற்கொள்க. மேலே காட்சியை விரும்பி வீடு கட்டியவரை அவர்கள் அறியமாட்டார்கள். ஆனால் அவர் விடும் நீரை அறிவார்கள். மேல்நிலத்து நீர் கீழ்நிலத்தின் வழியே ஓடுதல் இயற்கை. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டமும், மேல்நிலத்தில் பெய்யும் நீர் இயல்பாக ஓடிவருவதைக் கீழ்நிலத்தார் ஏற்கவேண்டும் என்கிறது. இதனைக் காட்டி, ‘என் நீர் கீழேதான் போகும்; சட்டமே சொல்கிறது’ என்று வாதிடுவோர் உண்டு. ‘இயல்பாக’ என்னும் சொல்லை அவர்கள் கவனிப்பதில்லை. நூறு சதுர மீட்டர் கூரையில் திரட்டி, குழாயில் அடைத்து, அயலார் சுவரின்மேல் பாய்ச்சும் நீர் இயல்பாக ஓடும் நீர் ஆகாது. குழாய் செல்லும் வழியும் அது முடியும் இடமும் பிறர்க்கு உரிய நிலமாயின், அவர் இசைவை எழுத்தில் பெற்றபின்னரே அமைக்கவேண்டும்.

மழைநீர் சேகரிப்பைப் பற்றி ஓர் ஐயம் எழும். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு முதல் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. சென்னை போன்ற சமநிலத்து ஊர்களில் கூரைநீரைக் கிணற்றிலும் உறைகுழியிலும் இறக்கி நிலத்தடி நீரை வளர்த்தல் போற்றத்தக்க செயல். அதே உறைகுழியைச் சரிவின் விளிம்பில் தோண்டினால், எந்த மண்ணை உலர்வாக வைக்கவேண்டுமோ அந்த மண்ணுக்கே நீரை வலிந்து ஊட்டியது ஆகும். நோக்கம் ஒன்றே, இடத்துக்கேற்ப வழி வேறாதல் வேண்டும். விளிம்பு மனையில் நீரை மண்ணுக்குள் விடாது, கசியாத தொட்டியில் சேமித்துப் பயன்கொள்ளலாம். தொட்டி நிறைந்து வழியும் நீரையும் அந்த மூடுகுழாயிலேயே சேர்க்கவேண்டும். கழிவறைத் தொட்டியின் உறிஞ்சுகுழியும், குளியல்நீர் பாயும் வாழைப்பாத்தியும் விளிம்பைவிட்டு விலகியே இருத்தல் வேண்டும். கோடையிலும் ஓயாது ஒழுகும் ஒரு குழாய் ஒரு நாள் மழையைவிட மிகுந்த நீரை மண்ணுக்குத் தந்துவிடும்.

மனையைச் சமன்படுத்தத் தாங்குசுவர் எழுப்புவோர் சுவரின் பின்னே நிற்கும் மண்ணை மட்டும் எண்ணுகின்றனர், நீரை எண்ணுவதில்லை. 3 மீட்டர் உயரமுள்ள சுவரின் பின்னே நீர் தேங்கி நிறைந்தால், அதன் அடியில் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பையும் நீர் 3 டன் எடையளவு அழுத்தும். சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் மொத்தமாக 4½ டன் தள்ளும். மண்ணின் தள்ளுவிசை இதற்கு மேலும் உண்டு. 2019-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 2-ஆம் நாள் விடியற்காலையில், மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், கனமழைக்கிடையே உயர்ந்த சுற்றுச்சுவர் ஒன்று இடிந்து அருகிலிருந்த வீடுகளின்மேல் விழ, உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டனர். தாங்குசுவரில் வரிசை வரிசையாகத் துளை விடுவதும், அதன் பின்னே மண்ணுக்கு முன் சரளை நிரப்புவதும் இவ்வழுத்தத்தை நீக்குதற்கே. மலைச்சாலையோரத்துச் சுவர்களில் இத்துளைகளைக் காணலாம். மழைநாளில் அவை கண்ணீர்போல் வடிந்தால் சுவர் நலமாயிருக்கிறது என்று பொருள். சுற்றிலும் நீர் ஓடும்போது துளைமட்டும் உலர்ந்திருந்தால் அது அடைபட்டிருக்கக்கூடும். கம்பியால் குத்தித் திறக்கவேண்டும். வெள்ளையடிக்கும்போது துளைகளையும் சேர்த்துப் பூசி அடைத்துவிட்டு, சுவர் இப்போதுதான் அழகாயிருக்கிறது என்று மகிழ்வோரும் உண்டு.

சரிவில் முன்னமே நிற்கும் மரமும் செடியும் வெட்டாது விடத்தக்கவை. அவற்றின் வேர் மண்ணைத் தைத்து நிற்கிறது. இலை மழையின் அடியைத் தாங்குகிறது. காட்சியை மறைக்கும் கிளையைக் கழிக்கலாம். மரத்தை வீழ்த்தினால், சில ஆண்டுகளில் வேர் மக்கி, அது பிடித்திருந்த மண் தனித்துவிடும். வெறுமையான சரிவாயின், பனி உறையாத தாழ்ந்த மலைப்பகுதிகளில் வெட்டிவேரை நெருக்கமான வரிசைகளாக நடலாம். அதன் வேர் பக்கத்தில் பரவாமல் நேர்கீழே இறங்கும் இயல்பினது. நல்ல மண்ணில் 3 மீட்டர் ஆழம்வரையும் போகும். உலகின் பல நாடுகளில் சரிவைக் காக்க இப்புல்லை நடுகின்றனர். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இதனை வழங்கும் பெயர் நம் ‘வெட்டிவேர்’ என்னும் சொல்லின் திரிபே ஆகும்.

நீலகிரிக்குப் பருவமழை இரண்டு. கூடலூர், அவலாஞ்சி முதலிய மேற்குப் பகுதிகள் தென்மேற்குப் பருவத்திலும், குன்னூர், கோத்தகிரி முதலிய கிழக்குப் பகுதிகள் வடகிழக்குப் பருவத்திலும் மிகுதியாக நனையும். ஆகவே வைகாசியில் ஒருமுறையும் புரட்டாசியில் ஒருமுறையும் தாரை, வலை, தொட்டி, குழாய், துளை ஆகிய எல்லாவற்றையும் பார்வையிடுதல் நன்று. கட்டும்போது செலவிட்ட பணத்தைவிட இவ்விரு நாளைய உழைப்பே வீட்டை மிகுதியும் காக்கும்.

எல்லாம் செய்த பின்னும் நிலம் சில குறிகளைக் காட்டக்கூடும். விளிம்புக்கு இணையாகத் தரையில் புதிய வெடிப்பு தோன்றுதல். நேற்றுவரை எளிதில் மூடிய கதவு இன்று நிலையில் இறுகுதல். வேலிக்கம்பமும் மின்கம்பமும் சாய்தல். ஊற்றே இல்லாத இடத்தில் நீர் சுரத்தல் ஆகியவை மழைநாளில் காணப்பட்டால், காரணம் ஆராய்ந்து நிற்றல் தகாது. வீட்டாரை அழைத்துக்கொண்டு சரிவுக்கு அப்பாற்பட்ட இடத்துக்கு விரைந்து செல்லவேண்டும். கீழே உள்ளவர்க்கும் ஊராட்சிக்கும் உடனே செய்தி அனுப்பவேண்டும். வெடிப்பில் நீர் புகாதபடி தார்ப்பாயால் மூடுதல் போன்றவற்றை, மழை ஓய்ந்து அறிந்தோர் இசைந்த பின்னரே செய்யலாம்.

குறியொன்றும் தோன்றாத நாளிலும், பெருமழைக்கு மறுநாள் குடியிருப்புக்குச் செல்லும் பாதை வழியாக அடிவாரம்வரை இறங்கிப் போய், குழாய் முடியும் இடத்தைப் பார்த்துவருவது நல்ல வழக்கம். வரும் நீர் தெளிவாயிருந்தால் கூரையின் நீர் முழுதும் கூரையின் நீராகவே வந்து சேர்கிறது. செந்நிறமாய்க் கலங்கியிருந்தால் இடையில் எங்கோ மண் கலக்கிறது. அப்போது வண்டல்தொட்டியிலிருந்து தொடங்கி, குழாயின் மூட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வருதல் வேண்டும்.